இறக்குமதி வரி உயர்ந்தால் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அரசு என்ன செய்யும், என்ன செய்யாது?

ஒரு நாடு வேறொரு நாட்டுப் பொருள்களுக்கு வரியை உயர்த்தியதும் இரண்டு செய்திகள் வரிசையாக வரும். "நம் ஏற்றுமதியாளர்கள் இனி இத்தனை சதவீதம் வரி கட்ட வேண்டும்" என்பது முதலாவது. கொஞ்ச நாள் கழித்து, "ஏற்றுமதியாளர்களுக்கு அரசு இத்தனை கோடி உதவி" என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், அந்த வரியை இனி அரசே கட்டிவிடும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்.

இரண்டு செய்தியுமே பாதி உண்மைதான். இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுவது சின்ன நிறுவனங்கள். வரவே வராத பணத்துக்காகக் காத்திருந்துவிட்டு, கேட்டால் கிடைக்கக்கூடிய உதவியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை அடியிலிருந்து, பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வரியைக் கட்டுவது யார்?

சாலையில் இருக்கும் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை உள்ளே ஓட்டி வருபவர் பணம் கட்டுகிறார். வண்டியைத் தயாரித்த தொழிற்சாலை கட்டுவதில்லை. இறக்குமதி வரியும் அப்படித்தான். வாங்கும் நாட்டின் வாசலில், சரக்கை உள்ளே கொண்டுவரும் இறக்குமதியாளரிடம், அந்த நாட்டுச் சுங்கத்துறை வசூலிப்பது அது. விற்கும் நாட்டு நிறுவனத்துக்கு வரி ரசீது எதுவும் வராது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விற்பனை ஒப்பந்தத்தில் டி.டி.பி. என்று எழுதியிருந்தால், வரி உட்பட எல்லாச் செலவையும் விற்பவரே ஏற்று, பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எஃப்.ஓ.பி. என்று இருந்தால், கப்பலில் ஏற்றுவதோடு விற்பவரின் பொறுப்பு முடிந்தது. சர்வதேச வணிகச் சபை வகுத்த 'இன்கோடெர்ம்ஸ்' என்ற ஒப்பந்தச் சொற்கள் இவை. 2020 பதிப்பில் 11 சொற்கள் இருக்கின்றன. வரி உயர்ந்த செய்தி வந்ததும் ஏற்றுமதியாளர் முதலில் பார்க்க வேண்டியது அரசாணையை அல்ல, தன் ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த மூன்றெழுத்தை.

வரி அங்கே, அடி இங்கே

சரி, இறக்குமதியாளர்தானே கட்டுகிறார், ஏற்றுமதியாளருக்கு என்ன கவலை? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தக் கணக்கைக் கட்டுரை முழுக்கக் கையில் வைத்துக்கொள்வோம்.

ஒரு நிறுவனம் ஒரு பொருளை 10 டாலருக்கு விற்கிறது. செய்ய ஆகும் செலவு 9.40 டாலர். லாபம் 60 சென்ட். மாதம் 20,000 பொருள் அனுப்புகிறது. இதுவரை வரி கிடையாது. திடீரென்று 25 சதவீத வரி விழுகிறது. வாங்குபவர் கையில் பொருள் வந்து சேரும்போது விலை 12.50 டாலர் ஆகிவிடுகிறது (சரக்குக் கட்டணத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்).

வாங்குபவர் போன் செய்கிறார். பழையபடி 10 டாலரில் பொருள் வந்து சேர வேண்டுமானால், நீங்கள் 8 டாலருக்குத் தர வேண்டும் என்கிறார். 8 டாலரில் 25 சதவீதம் 2 டாலர், ஆக 10. அந்த விலைக்குக் கட்டாது என்று இவர் சொல்ல, பேசிப் பேசி 9 டாலரில் வந்து நிற்கிறது. அப்போது ஒரு பொருளுக்கு 40 சென்ட் நஷ்டம். மாதம் 12,000 டாலர் லாபம் பார்த்த இடத்தில் 8,000 டாலர் நஷ்டம். வரி ரசீது ஒன்றுகூட வராமலேயே வரியின் ஒரு பங்கு இவர் தலையில் விழுந்துவிட்டது.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வாங்குபவருக்கும் துறைமுகத்திலேயே வரிப்பணம் போட வேண்டியிருப்பதால் அவர் கையிலும் பணம் இறுகுகிறது. இதுவரை 60 நாளில் பணம் கொடுத்தவர், இனி 120 நாள் ஆகும் என்கிறார். கேட்கச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் மாதம் 1,88,000 டாலர் செலவு செய்து சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு, கூடுதலாக இரண்டு மாதச் சரக்கின் பணம், அதாவது 3,76,000 டாலர், எப்போதும் வெளியே நிற்கும். நூலுக்கோ இரும்புக்கோ தோலுக்கோ பணம் இன்றைக்கே கொடுக்க வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில். அந்த 3,76,000 எங்கிருந்து வரும்? ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் கடன் வாங்கினால் வட்டி 37,600 டாலர். ஒரு பொருளுக்குப் பிரித்தால் சுமார் 16 சென்ட். ஏற்கெனவே இருந்த 40 சென்ட் நஷ்டம் இப்போது 56 ஆகிறது.

கையில் ஆர்டர் இருந்தும் நிறுவனங்கள் மூடப்படுவது இப்படித்தான். தொழில் நடத்த அன்றாடம் சுழல வேண்டிய பணத்துக்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். வரி அடி பல நேரம் லாபத்தைத் தாக்குவதற்கு முன்னால் இதைத்தான் உறிஞ்சுகிறது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: வரியைக் கட்டுவது இறக்குமதியாளர். ஏற்றுமதியாளருக்கு அது விலைக் குறைப்பாகவும், குறைந்த ஆர்டராகவும், தாமதமாக வரும் பணமாகவும் வந்து சேர்கிறது. அரசின் உதவிகள் எல்லாம் இந்த மூன்றைத் தொடுபவை. வரியை நேரடியாகத் தொடுபவை அல்ல.

அரசே அந்த வரியைக் கொடுத்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குச் சர்வதேசச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோதே மானியங்கள் குறித்த ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. "ஏற்றுமதி செய்தால்தான் இந்தப் பணம்" என்று நிபந்தனை வைத்துத் தரும் மானியத்தை அந்த ஒப்பந்தம் தடை செய்கிறது. மிக ஏழை நாடுகளுக்கு மட்டும் சலுகை உண்டு.

தடையை மீறிக் கொடுத்தால் என்ன ஆகும்? வாங்கும் நாடு விசாரணை நடத்தி, மானியத்தின் அளவுக்கு மேலும் ஒரு வரி போடலாம். அதற்கு ஈடுசெய் வரி என்று பெயர். இங்கே கொடுத்தது அங்கே பிடுங்கப்படும். நம் அரசின் பணம் சுற்றி வளைத்து அடுத்த நாட்டுக் கஜானாவுக்குப் போய்ச் சேரும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் ஆபத்து அல்ல. ஏற்றுமதி மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தை வரவாகக் கொடுத்த இந்தியாவின் எம்.இ.ஐ.எஸ். திட்டத்தையும் வேறு சில திட்டங்களையும் எதிர்த்து அமெரிக்கா 2018இல் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்தது. 2019 அக்டோபர் 31 அன்று விசாரணைக் குழு பெரும்பாலும் அமெரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனாலும் எம்.இ.ஐ.எஸ்.-ஐக் கைவிட்டு, 2021 ஜனவரி 1 முதல் 'ரோட்டெப்' என்ற வேறு வகைத் திட்டத்துக்கு மாறியது. அந்த வேறு வகை என்ன என்பதுதான் அடுத்த பகுதி.

கட்டிய வரியைத் திருப்பி வாங்குவது

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். அலுவலக வேலையாக வெளியூர் போகும்போது டிக்கெட்டுக்கு உங்கள் கைப்பணத்தைப் போடுகிறீர்கள். திரும்பி வந்து பில்லைக் காட்டி வாங்கிக்கொள்கிறீர்கள். அது பரிசு இல்லை, உங்கள் பணம்தான்.

ஏற்றுமதிப் பொருளைச் செய்ய வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் வாங்கும்போது நிறுவனம் தன் நாட்டு அரசுக்கு இறக்குமதி வரி கட்டுகிறது. அந்தப் பொருள் உள்நாட்டில் விற்காமல் வெளியே போய்விட்டால், கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம். இதைத்தான் டியூட்டி டிராபேக் என்கிறார்கள். புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் 1789ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலேயே இது இருந்தது. கட்டியதைவிட அதிகமாகத் திருப்பித் தராதவரை, உலக வர்த்தக விதிப்படி இது மானியம் ஆகாது. இந்தியாவின் ரோட்டெப், டிராபேக்கில் அடங்காத உள்நாட்டு வரிகளையும் கட்டணங்களையும் இதே தத்துவத்தில் ஈடுகட்டுகிறது.

நம் கணக்குக்கு வருவோம். அந்தப் பொருளில் 3 டாலருக்கு இறக்குமதி மூலப்பொருள் இருக்கிறது, அதற்கு 10 சதவீத வரி கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 சென்ட். இதுவரை இதைக் கேட்காமல் இருந்த நிறுவனம் இப்போது கேட்டு வாங்கினால் 56 சென்ட் நஷ்டம் 26 ஆகக் குறைகிறது. எந்தப் புதுத் திட்டமும் அறிவிக்காமலேயே இவ்வளவு. புது அறிவிப்புகளைத் தேடி ஓடுவதற்கு முன் பழைய சட்டத்தில் இருக்கும் உரிமையைப் பாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சில சமயம் அரசு மூலப்பொருள் வரியையே நீக்கிவிடும். 2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25 சதவீதமும், 27ஆம் தேதியிலிருந்து மேலும் 25 சதவீதமும் வரி போட்டபோது, இந்தியா கச்சாப் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. அந்த விலக்கு பிறகு டிசம்பர் 31 வரை நீண்டது. துணி ஏற்றுமதியாளரின் செலவைக் குறைப்பதே நோக்கம்.

ஜாமீன் கையெழுத்து

கோடிக்கணக்கில் செய்தியில் வரும் எண்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் நண்பருக்குக் கடன் தேவை. வங்கி தயங்குகிறது. நீங்கள் போய் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள். பணம் கொடுத்தது வங்கி. திருப்பிக் கட்ட வேண்டியவர் நண்பர். அவர் கட்டாவிட்டால்தான் உங்கள் பை திறக்க வேண்டும். அரசு இந்தக் கையெழுத்தைப் போட்டால் அது கடன் உத்தரவாதம்.

2025 நவம்பர் 12 அன்று இந்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 20,000 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. அது அரசு அள்ளிக் கொடுக்கும் தொகை இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கூடுதலாகக் கொடுக்கக்கூடிய கடனின் உச்ச அளவு. அரசு அதற்கு 100 சதவீதம் ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டது. வாங்கினால் வட்டியோடு திருப்பிக் கட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? அடமானம் வைக்க எதுவும் மிச்சமில்லாத நிறுவனத்துக்கு அந்த 3,76,000 டாலர் கிடைக்கிறதா இல்லையா என்பதே இதில்தான் இருக்கிறது. வங்கிக்குப் பயம் குறைவதால் வட்டியும் சற்று இறங்கலாம். 3 சதவீதம் இறங்கியது என்று வைத்தால் நம் கணக்கில் ஒரு பொருளுக்குக் கிட்டத்தட்ட 5 சென்ட் மிச்சம். 26 இப்போது 21.

தவணைத் தள்ளிவைப்பும் இதே குடும்பம்தான். அதே நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, பாதிக்கப்பட்ட துறைகளின் ஏற்றுமதியாளர்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு வழி செய்தது. ஏற்றுமதிப் பணம் வந்து சேர வேண்டிய கெடுவும் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடும் (கூட்டு வட்டி அல்ல, தனி வட்டி). "தவணை இல்லை" என்று கேட்டவுடன் கடன் தள்ளுபடி என்று நினைத்து நிம்மதியாகிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தள்ளுபடி வேறு, தள்ளிவைப்பு வேறு.

சுருக்கமாக: டிராபேக் என்பது உங்கள் பணம் உங்களுக்கே திரும்புவது. உத்தரவாதம் என்பது கடன் கிடைக்க வழி. தள்ளிவைப்பு என்பது மூச்சு விட நேரம்.

வாங்கியவர் பணம் தராவிட்டால்?

வரி உயரும் காலத்தில் வாங்குபவரும் தள்ளாடுவார். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு அவர் திவாலானால்? இந்த ஆபத்துக்கான காப்பீடுதான் ஏற்றுமதிக் கடன் காப்பீடு. முதலாம் உலகப் போர் முடிந்து வணிகம் முடங்கிக் கிடந்த 1919இல் பிரிட்டன் இதற்கென ஓர் அரசுத் துறையைத் தொடங்கியது. இன்று இந்தியாவில் 1957இல் தொடங்கிய இ.சி.ஜி.சி., கனடாவில் இ.டி.சி., தென்கொரியாவில் கே-ஷ்யூர், ஜப்பானில் நெக்ஸி என்று பல நாடுகளில் இதற்கு அரசு நிறுவனம் இருக்கிறது.

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முழு நஷ்டமும் கிடைக்காது, ஒரு பங்கை ஏற்றுமதியாளர் தாங்கியே ஆக வேண்டும். அப்புறம், வாங்குபவர் தடுமாறுகிறார் என்று தெரிந்த பிறகு பாலிசி கேட்டால் கதவு திறக்காது. தீப்பிடித்த வீட்டுக்கு யாரும் காப்பீடு தருவதில்லை. பாலிசியைக் காட்டினால் வங்கி கடன் தரக் கொஞ்சம் எளிதில் சம்மதிக்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆட்களை அனுப்பாமல் இருக்க

ஆர்டர் பாதியானால் முதலில் கண்ணில் படுவது ஆள் குறைப்பு. ஆனால் பழகிய கைகளை அனுப்பிவிட்டால் ஆர்டர் திரும்பும்போது அவர்கள் திரும்பி வர மாட்டார்கள். இதற்காகவே சில நாடுகள் வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து கொடுக்கின்றன. ஜெர்மனியில் இது 'குர்ட்ஸ்ஆர்பைட்'. கனடாவில் 'வேலைப் பகிர்வு'. 2025 மார்ச்சில் கனடா அதன் காலத்தை 38 வாரத்திலிருந்து 76 வாரமாக நீட்டியது.

சுவிட்சர்லாந்தில் நடந்தது இதை நன்றாகக் காட்டும். அங்கே இழந்த ஊதியத்தில் 80 சதவீதம் கிடைக்கும். 2025 ஆகஸ்ட் 7 முதல் அமெரிக்கா அந்நாட்டுப் பொருள்களுக்கு 39 சதவீத வரி போட்டது. சுவிஸ் அரசு இந்த உதவியின் காலத்தை 24 மாதம் வரை நீட்டியது. நவம்பரில் உடன்பாடு எட்டப்பட்டு, 14ஆம் தேதியிலிருந்து வரி 15 சதவீதமானது. மூன்று மாதம் சொச்சம்தான். அதற்குள் ஆட்களை அனுப்பிவிட்ட நிறுவனமும் வைத்துக்கொண்ட நிறுவனமும் ஒரே இடத்தில் நின்றிருக்காது.

பணமாக வராத உதவி

இந்தப் பகுதியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பது ஓர் எண்ணைப் பொறுத்தது. அதுதான் ஹெச்.எஸ். குறியீடு. உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்த முறை 1988இல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் எங்கும் பொது, அதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் இலக்கத்தைச் சேர்க்கும். ஒரு பொருள் எந்தக் குறியீட்டில் விழும் என்ற சந்தேகம் இருந்தால், சரக்கு போகும் முன்பே வாங்கும் நாட்டுச் சுங்கத்துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கலாம். இதற்கு முன்தீர்ப்பு என்று பெயர். 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் இந்த வசதியைத் தர நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. தவறான குறியீட்டில் பல ஆண்டு அனுப்பிக்கொண்டிருந்தவருக்குச் சரியான குறியீடே ஒரு நிவாரணம்.

அடுத்தது வேறு சந்தை. இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் 2022 மே 1 முதல் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. இப்படி ஒப்பந்தம் இருக்கும் நாட்டுக்கு விற்றால் வரி குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஆனால் அது தானாகக் கிடைக்காது. பொருள் உண்மையிலேயே நம் நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதற்கான வழிகாட்டலை அரசின் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்புகள் தரும், கண்காட்சிச் செலவில் பங்கும் ஏற்கும். சிங்கப்பூர் 2025இல் அறிவித்த தொழில் தகவமைப்பு மானியம் இந்த மாதிரி ஆலோசனைச் செலவைப் பகிர்ந்துகொள்வதற்கும் உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை. வரி குறைந்த நாட்டுக்கு அனுப்பி, லேபிளை மாற்றி, அங்கிருந்து அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வெறும் பெட்டி மாற்றுவதால் பிறப்பிடம் மாறாது. இப்படிச் சுற்றி வரும் சரக்குக்கு 40 சதவீத வரி என்று 2025 ஜூலை இறுதியில் அமெரிக்கா ஆணையே போட்டது.

மிச்சமிருக்கும் 21 சென்ட்

நம் கணக்கில் எல்லா உதவியும் வந்த பிறகும் ஒரு பொருளுக்கு 21 சென்ட் நஷ்டம் நிற்கிறது. காப்பீட்டு பிரீமியத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. அதை எந்த அரசுத் திட்டமும் நிரப்பாது. வாங்குபவரிடம்தான் பேசி வாங்க வேண்டும்.

எந்த உதவியும் இல்லாமல் பேசப் போயிருந்தால், நஷ்டமில்லாமல் இருக்க 9 டாலரை 9.56 ஆக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். வாங்குபவருக்கு அது வரியோடு 11.95 ஆகும். இப்போது 9.21 கேட்டால் போதும். வரியோடு 11.51. ஒருவர் 56 சென்ட் ஏற்றச் சொல்லிக் கேட்பதற்கும், வங்கிக் கடன் கையில் இருக்க, பாலிசி எடுத்து வைத்துவிட்டு, 21 சென்ட் கேட்பதற்கும் குரலிலேயே வித்தியாசம் தெரியும். அந்தப் பேச்சுக்குப் போவதற்கு முன், கட்டிய மூலப்பொருள் வரியின் பில், ஷிப்பிங் பில் (சரக்கு அனுப்பும்போது சுங்கத்துறையில் கொடுத்த ஆவணம்), வங்கியின் கடன் கடிதம் மூன்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். ஒரு பொருளுக்கு எத்தனை சென்ட் என்று உங்கள் கணக்கை நீங்களே போட்டுவிட்டு, அப்புறம் போனை எடுங்கள்.